நட்சத்திரம் பார்த்து ஊதிய லென்ஸ்

புந்தோங்கில் தர்மா சாமியின் வீட்டு வாசலில் காலை ஏழு மணிக்கே செருப்பு விட இடமில்லை. கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது. கண்புரையை வெற்றிலையால் தடவி உரித்து, படலத்தைத் தட்டில் போட்டுக் காட்டுவார். பிறகு நட்சத்திரம் கேட்டு அதற்கேற்ற லென்ஸைக் கண்ணுக்குள் ஊதிவிடுவார். பரணிக்கு ஒன்று, மகத்துக்கு வேறொன்று. எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பார்வை மங்கியவர்களிடம் விற்க அதைவிடத் தோதான சரக்கு ஏது?

சுங்காய் தோட்டத்தில் முப்பது வருடம் ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுத்த இருளாயிக்குக் கண்புரையோடு கண்ணழுத்த நோயும் இருந்தது. கிட்டத்தையும் தூரத்தையும் சேர்த்துக் காட்டும் விலையுயர்ந்த லென்ஸ் அவருக்கு ஒத்துவராது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அது வெளிச்சத்தைப் பங்கு போடும். நரம்பு நலிந்த கண்ணுக்கு இன்னும் மங்கும். தூரத்துக்கு மட்டும் சாதாரண லென்ஸ் போதும், படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், சொட்டு மருந்தை மட்டும் நிறுத்தவே கூடாது. இத்தனையும் சொன்னதில் ‘சாதாரண’ என்ற சொல்தான் இருளாயிக்கு உறைத்தது. ஏழை என்றால் மட்டமான லென்ஸா?

சாமி அவருக்கு எல்லாத் தூரமும் தெரியும் லென்ஸை ஊதினார். சொட்டு மருந்து அதைக் கரைத்துவிடும் என்றார். இருளாயி மருந்தை நிறுத்தினார்.

சில மாதங்களில், பக்கவாட்டில் வந்த மோட்டார் சைக்கிள் தெரியாமல் ரோட்டில் விழுந்தார். தூக்கிவிட்டவர் பக்கத்து வீட்டு யேசுதாசன், பழைய தோட்ட லோரி டிரைவர். கதையைக் கேட்டவர் மறுநாள் இருளாயியையும் அழைத்துக்கொண்டு சாமியின் வரிசையில் நின்றார்.

“இடது கண்ணு சாமி. ஒண்ணுமே தெரியல.”

சாமி விளக்கடித்துப் பார்த்து, முற்றிய புரை என்றார். வெற்றிலை தடவியது, தட்டில் வெள்ளைப் படலம் விழுந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. லென்ஸும் ஊதியாயிற்று.

யேசுதாசன் கீழிமையை அழுத்தினார். கண் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அதைப் படலத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இது பிளாஸ்டிக்லா. இருளாயிக்கு உள்ள அதே வியாதிதான் எனக்கும். மருந்து போடாம விட்டேன், கண்ணையே எடுத்துட்டாங்க. இதுல புரை எங்க இருந்துச்சு, சாமி?”

நம்பிக்கை இல்லாதவன் கண்ணில் தெய்வம் மாயம் காட்டும் என்று சாமி தொடங்கினார். வரிசையில் நின்ற புஷ்பலதா தட்டில் கிடந்ததை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். முட்டை வைத்த தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் விற்கும் கடைக்காரர். தினமும் நூறு முட்டை உரிப்பவர்.

“இது முட்டை ஓட்டுக்குள்ள இருக்கிற தோலு.”

மத்தியானத்துக்குள் வீடு பூட்டிக் கிடந்தது.

இருளாயி ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போய் அந்தச் சாதாரண லென்ஸையே வைத்துக்கொண்டார். இப்போது எதிரே வரும் பஸ்ஸின் நம்பர் தெரிகிறது. மருந்தில்லாத மாதங்களில் போன ஓரப்பார்வை மட்டும் திரும்பவில்லை. திரும்பாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

கோப்பெங்கில் இப்போது ஒருவர் ஊதியே பல் கட்டுகிறாராம். நல்ல கூட்டம். அங்கே நிற்பவர்களுக்குக் கண்ணில் புரையில்லையே, பிறகு ஏன் தெரியவில்லை?