அத்தை வீட்டைத் திருப்பிய பதினைந்து டிகிரி

படித்து முடித்த சூட்டோடு உறவினருக்கு உதவி செய்யக் கிளம்புகிறவர்களை ஓர் அறையில் போட்டுப் பூட்ட வேண்டும். சிவில் டிப்ளமோ முடித்த வருடம் (இரண்டாயிரத்து மூன்றோ நாலோ) என்னை யாரும் பூட்டவில்லை.

தாயில்பட்டியில் அத்தை வீடு கட்டத் தொடங்கியிருந்தாள். விடியுமுன் பட்டாசு கம்பெனி வேனில் ஏறி, இருட்டியபின் இறங்கியே பாதி ஆயுளைக் கழித்தவள். வாசல் நேர் கிழக்கே பார்க்க வேண்டும், காலை வெயில் வாசப்படியில் விழ வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை. நான் கல்லூரியில் கெஞ்சி வாங்கிய திசைகாட்டியோடு போய் இறங்கினேன்.

"பக்கத்து வீட்டுச் சுவத்துக்கு நேரா கயிறு புடிச்சாப் போதும் தாயி. இந்த வரிசை பூராம் கிழக்கதான் பாக்கு," என்றார் கொத்தனார்.

"அவுக கண்ணால பாத்துக் கட்டிருக்காக அண்ணாச்சி. நான் கோணம் எடுத்துச் சொல்லுதேன்."

பக்கத்தில் இரும்பு இருந்தால் முள் பொய் சொல்லும் என்று படித்திருந்தேன். கொத்தனாரின் கடப்பாரை, மாமாவின் சாவிக்கொத்து, அத்தையின் ஹேர்பின் வரை அப்புறப்படுத்தினேன். பிறகு, உயரத்துக்காக, வேலி கட்ட மாமா பட்டாசு கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த கழிவுக் கம்பிக் கட்டின் மேல் திசைகாட்டியை வைத்தேன். கம்பி மத்தாப்புக் கம்பி. செம்பு நிறத்தில் மின்னியதால் செம்பு என்றே நம்பினேன். அது செம்பு முலாம் பூசிய இரும்பு என்பது தெரியாத ஒரே ஜீவன் அந்த வட்டாரத்தில் நான்தான்.

வரிசை முழுக்கப் பதினைந்து டிகிரி தப்பு என்றது முள். tan பதினைந்து, புள்ளி இரண்டு ஆறு எட்டு. முப்பது அடி முகப்புக்கு ஒரு மூலை எட்டடி உள்ளே போக வேண்டும் என்றேன்; அப்படியே அஸ்திவாரம் தோண்டினார்கள். கணக்கில் மட்டும் ஒரு பிழையும் இல்லை (அதை நினைத்தால்தான் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது).

வாசல் நிலை வைக்கும் நாளில் சொந்தக்காரர்களிடம் பீற்றிக்கொள்ளத் திசைகாட்டியை மறுபடி எடுத்துவந்து, அதே இடத்தில் ஒரு செங்கல் அடுக்கின் மேல் வைத்தேன். கம்பிக் கட்டு வேலியாகிப் போயிருந்தது. பக்கத்து வீட்டுச் சுவர் துல்லியமாக வடக்கு தெற்காக நின்றது.

"அத்தே, தப்பாயிருச்சு. நெலையக் கழத்தணும்."

"பூச போட்ட நெலையத் தொடக்கூடாது," என்றாள் அத்தை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்றும் தெருவே நேராக நிற்க, அத்தை வீடு மட்டும் கோபித்துக்கொண்டு திரும்பி நிற்கிறது. கதவைத் திறந்தால் கடைசி வீட்டுக் கக்கூஸ். வெயில் வருகிறது, கொஞ்சம் சாய்ந்து. முன்னால் மிஞ்சிய முக்கோணத்தில் அத்தை முருங்கை வைத்திருக்கிறாள்.

என் கல்யாணத்தில் ஐயர், "பொண்ணு கிழக்கே பாத்து உக்காரட்டும்," என்றார். மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"அவகிட்டச் சொல்லாதீக சாமி. மாப்பிள்ளைகிட்டச் சொல்லி அவளப் புடிச்சு உக்கார வைங்க."