ஜன்னல் சண்டைக்குக் கைதட்டல்

அன்பும் கொஞ்சம் பயமும் கலந்த வணக்கத்துடன் அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இவர் தேறி வருவதாக டாக்டர் சொல்கிறார். நான் தேறி வருகிறேனா என்று கேட்கத்தான் ஆளில்லை. நீயும் அத்தானும் அவரவர் முழங்கால் வலியோடு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இவருக்குத் தொண்டையில் கட்டியை எடுத்து, கதிர்வீச்சுக் கரண்ட் வைத்து முடித்தது வரை உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு குரலே வரவில்லை. "குரல் திரும்பும். ஆனா அவர் முயற்சி பண்ணணும், விட்டுட்டா அப்படியே நின்னுடும்" என்று டாக்டர் பொறுப்பை இவர் தலையில் கட்டிவிட்டார். இவரோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அச்சகத்தில் பிழை திருத்தி, வீட்டுக்கு வந்து என்னைத் திருத்தி வாழ்ந்த மனுஷன். இந்த வாய் ஒருநாள் அடங்காதா என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அடங்கிய பிறகு எனக்குப் பயமாக இருந்தது, அக்கா.

அப்போதுதான் இசை சிகிச்சைக்கென்று ஒரு பெண் வந்து சேர்ந்தாள். வார்டே அவளைப் 'பாட்டு டாக்டர்' என்கிறது. "சார், பேச்சு வராட்டி பரவாயில்ல. வாயை மூடிக்கிட்டு 'ம்ம்'னு ராகமா இழுங்க. தண்ணிக்கு ஒரு மெட்டு, தலகாணிக்கு ஒரு மெட்டு. அம்மா, கையால காட்டினா நீங்க எதையும் கொடுக்கக் கூடாது" என்று எனக்கும் சேர்த்து உத்தரவு போட்டாள். இவர் மசிவாரா? தாகம் எடுத்ததும் மசிந்தார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர், அவருக்கும் இதே ஆபரேஷன். முகத்தில் காற்று அடித்தால்தான் அவருக்கு உயிர். இவருக்குக் காற்று பட்டாலே இருமல். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஜன்னல். அவர் திறக்கச் சொல்லி ஒரு மெட்டு இழுத்தார், இவர் மூடச் சொல்லி அதைவிட நீளமாக இழுத்தார். அவர் ஏற இவர் இறங்க, அவர் வெட்ட இவர் ஒட்ட, நர்ஸுகள் ஊசியைக் கையில் பிடித்தபடி நின்று கேட்கிறார்கள். பாட்டு டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன ஒத்துமை பாருங்கம்மா! ஒருத்தர் விட்ட இடத்துல இன்னொருத்தர் எடுக்கிறார்!" என்கிறாள். இவருடைய மெட்டெல்லாம் எனக்கு அத்துப்படி. இவர் எடுத்தது டிரைவரின் வம்சத்தை. டிரைவர் மனைவி என் காதில், "தப்பா எடுத்துக்காதீங்க, எங்காளு உங்க வீட்டுக்காரர் மண்டையை உடைக்கப் போறேங்கிறார்" என்றாள். "எங்க வீட்டுக்காரர் சொல்றதை நான் சொன்னா நீங்க அழுதுடுவீங்க" என்றேன்.

அதோடு விட்டாளா பாட்டு டாக்டர்? போனில் பதிவு செய்து டாக்டர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினாள். பெரிய டாக்டர் எழுந்து நின்று கைதட்டினாராம். உடனே இரண்டு பேரையும் சக்கர நாற்காலியில் வைத்து, டாக்டர்கள் கூடும் ஹாலின் மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த ஹாலில் ஏசி, ஜன்னலே கிடையாது. சண்டைக்கு வழியில்லாமல் இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் வாடியது எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பேர் மடிக்கும் பொதுவாக ஒரே ஒரு போர்வையைப் போட்டுவிட்டு இறங்கினேன். கச்சேரி களைகட்டிவிட்டது.

நேற்று டிரைவர் வீட்டுக்குப் போய்விட்டார். இவர் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். தண்ணீருக்குக்கூட மெட்டு இல்லை. அதனால்தான் எழுதுகிறேன், அடுத்த பஸ்ஸில் கிளம்பி வா. உன்னோடு வாய் கொடுத்துவிட்டுச் சும்மா போனவர்கள் யாருமில்லை. வந்து இவரோடு நல்லதாக ஒரு சண்டை பிடி. எனக்குச் சண்டை போடத் தெரியாது, எங்கள் வீட்டுச் சண்டை எல்லாம் இவர் தனியாகப் போட்டதுதான்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசியும், கேட்காவிட்டாலும் ஒரு முத்தமும்.

உன் தங்கை

பின்குறிப்பு: வராதே. கடிதத்தை மடிக்கும்போது ஆத்திரம் தாங்காமல், டிரைவர் திட்டுகிற மெட்டை நானே இவர் காதருகில் இழுத்தேன். இவர் சட்டென்று திரும்பினார். செருமினார். பாதி காற்றும் பாதி கரகரப்புமாக ஒரு வார்த்தை வந்தது, அக்கா: "தப்பு." அழுதுகொண்டே மறுபடி இழுத்தேன். "மறுபடியும் தப்பு" என்றார். இரண்டு வார்த்தை! இப்போது வேண்டுமென்றே தப்பாகப் பாடிக்கொண்டிருக்கிறேன். நர்ஸ் நிறுத்தச் சொல்கிறாள். நிறுத்த மாட்டேன்.