தரைக்குயிலை இப்பத்தான் பார்த்தவர்

'இப்பத்தான் போச்சு' என்று ஒரு மனித இனம் உண்டு. அழிந்துவிடுமோ என்ற கவலையே வேண்டாத இனம். நீங்கள் போய்ச் சேர்வதற்கு ஒரு நொடி முன்னால்தான் உலகத்து அற்புதங்கள் எல்லாம் அவருக்கு மட்டும் தரிசனம் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கும்: யானைக் கூட்டம் ஆற்றைக் கடந்திருக்கும், படகு நீளத்துக்கு ஒரு முதலை வாயைப் பிளந்திருக்கும், நேற்று விழுந்த டுரியானைப் போல இனி ஒன்று விழப்போவதே இல்லை. உங்கள் கையில் இருப்பது? அதுவும் பழம்தான், சாப்பிடுங்கள்.

கடல் கடந்த மழைக்காட்டில் ஓடும் கினபத்தாங்கான் ஆற்றங்கரையில் இந்த இனத்தின் நன்கு வளர்ந்த ஆண், ஜமாடில். படகோட்டும் மஸ்னாவுக்கு மாமா. ஓட்டுவது அவள், பேசுவது அவர்.

அன்று காலை படகில் லீனுஸ் என்ற ஆய்வாளரும் இருந்தார். அருகிப்போன தரைக்குயில் அங்கே இருக்கிறது என்று காட்ட அவர் ஒரு படம் பிடித்துவிட்டால் மஸ்னா வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கரைக்காடு பிழைக்கும். இல்லாவிட்டால் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்துக்குப் போகும். மஸ்னா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

தாடிப் பன்றி மண்ணைக் கிளறினால் பின்னாலேயே புழு பொறுக்க வரும் பறவை அது. சிறகு இருந்தும் நடக்கத்தான் பிடிக்கும். புதிதாகக் கிளறிய மண்ணைப் பார்த்து மூவரும் இறங்கி நின்றார்கள். சத்தமில்லாமல் நிற்க வேண்டும். மாமாவுக்கு அது முடிகிற காரியமா?

"இதோ, இந்த வேர் மேலதான் நின்னுச்சு, பாஸ். என்னைப் பாத்துச்சு, நானும் பாத்தேன்."

"எப்ப?"

"இப்பத்தான். நீங்க குனிஞ்சு கால்ல அட்டையத் தட்டிக்கிட்டு இருந்தீங்களே, அப்ப. வால் மட்டும் இவ்வளவு நீளம்."

கைகளை விரித்துக் காட்டினார். அதே நேரம் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பன்றி வந்தது. அதன் பின்னால், கண்ணைச் சுற்றி நீலம் பூசிக்கொண்டு, அந்த வால். மஸ்னா பார்த்துவிட்டாள். கத்தினால் ஓடிவிடும்.

"மாமா, கையக் கீழ போடுங்க," என்றாள் மூச்சுக்குள்ளேயே.

"பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசாத."

லீனுஸ் மரியாதை தெரிந்தவர். பேசுகிறவரின் முகத்தைத்தான் பார்த்தார். மாமா வாலை முடித்துக் கைகளை இறக்கியபோது பின்னால் வெறும் மண்.

"என்னம்மா சொல்ல வந்தே?"

மஸ்னா வாய் திறந்தாள். வேறு சொல் கிடைக்கவில்லை. "பாஸ்... இப்பத்தான் போச்சு."

லீனுஸ் சிரித்துக்கொண்டே காமிராவை மூடினார். மாமா பெருமையோடு அவள் தோளைத் தட்டினார். குடும்ப ரத்தம்.

இன்று அங்கே செம்பனைக் கன்றுகள் நிற்கின்றன. வருகிறவர்களிடம் மாமா சொல்கிறார்: "என்ன காடு தெரியுமா? நீங்க பாத்திருக்கணும். இப்பத்தான் போச்சு." இந்த ஒரு தடவை அவர் பொய் சொல்லவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அப்படியே, உங்கள் ஊர் ஏரி எங்கே என்று உங்கள் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றும் யோசித்து வையுங்கள்.