இன்ஃப்ராரெட் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு

சும்மா இருக்கத் தெரியாதவன் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுக்கக் கூடாது. தொண்ணூறுகளில், பாயான் பாருவில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையில், ஓர் ஆயுத பூஜையன்று கொடுத்துவிட்டார்கள்.

அன்று காலை எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஜெலுத்தோங்கில் டியூஷன் சென்டர் நடத்தும் ராணி அக்கா, கம்பியில்லாமல் கம்ப்யூட்டர்களை இணைப்பதைப் பார்க்க வருவதாக இருந்தது. முதலாளி கணேசன் அண்ணே முந்தின நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, டெமோ ஓடிச்சுன்னா நீ கன்ஃபார்ம். ஓடலன்னா வேற கடை பாரு லா." வேலை நிரந்தரமானால்தான் பெண் வீட்டில் கல்யாணத்துக்குத் தேதி குறிப்பார்கள். (வருங்கால மாமனாருக்கு 'டெம்பரரி' என்ற சொல்லே ஆகாது.)

படபடப்பு தாங்காமல் கடையில் இருந்த எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். மானிட்டர், பிரிண்டர், மின்விசிறி, பூட்டு. டெமோவுக்கான இரண்டு இன்ஃப்ராரெட் பெட்டிகளுக்கும் கூடுதல் பக்தி. முகப்பில் நெற்றி மாதிரி பளபளவென்று ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. அதன் நடுவில் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன்.

ராணி அக்கா வந்ததும், உட்காரவிடாமல் வகுப்பெடுத்தேன்.

"கட்டடம் விட்டுக் கட்டடம் போகணும்னா மைக்ரோவேவ், அக்கா. கூரையில தட்டு மாட்டணும். ரேடியோன்னா சுவரைத் தாண்டும், ஆனா விலை ஜாஸ்தி. உங்க ஒரு ரூமுக்கு இன்ஃப்ராரெட் போதும், டிவி ரிமோட் மாதிரிதான். ரெண்டு பெட்டியும் ஒன்ன ஒன்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். எதுவும் மறைக்கக் கூடாது, அவ்வளவுதான்."

விசையைத் தட்டினேன். ஒரு கம்ப்யூட்டர் அனுப்பியது. மற்றது வாங்கவில்லை.

மேசையை நகர்த்தினேன். வெயில்தான் காரணம் என்று ஜன்னல் திரையை இழுத்தேன். கணேசன் அண்ணேயின் தொப்பை குறுக்கே நிற்கிறது என்று அவரை வெளியே அனுப்பினேன். (முதலாளியை. அவர் கடையிலிருந்தே.) பெட்டிகளுக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேனே தவிர, முன்னால் வந்து பார்க்கவில்லை. கல்யாணம் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது.

ராணி அக்கா மெதுவாகக் குனிந்து பார்த்தார். "தம்பி, இதுக்குக் கண்ணு எங்க இருக்கு?"

"முன்னால, அந்தக் கறுப்புப் பட்டைதான், அக்கா."

"அது மேல பொட்டு வெச்சா எப்படிப் பார்க்கும்?"

வாசலில் கணேசன் அண்ணே சிரிப்பது கேட்டது. கைக்குட்டையால் துடைத்தேன். சந்தனம் பட்டை முழுக்கப் பரவியது.

"எனக்குக் கம்பியே போதும் தம்பி," என்றார் ராணி அக்கா. "அதுக்குப் பொட்டு வெச்சாலும் ஓடும்ல?"

டியூஷன் சென்டர் முழுவதற்கும் கம்பி ஆர்டர் வந்தது. அதை இழுக்க ஏணியில் ஏற ஓர் ஆள் தேவைப்பட்டதால் நான் கன்ஃபார்ம் ஆனேன். கல்யாணமும் நடந்தது.

இப்போது வீட்டில் வைஃபை. அது ரேடியோ, பொட்டெல்லாம் அதை ஒன்றும் செய்யாது என்று எத்தனை தடவை சொன்னாலும் எடுபடவில்லை. ஆயுத பூஜையன்று மனைவி என் கையில் மணியை மட்டும்தான் தருகிறாள். நெட் நின்றால் மகள் மோடத்தைப் பார்க்கமாட்டாள். நேரே வந்து என் விரலை முகர்ந்து பார்ப்பாள்.