சட்டையைக் கழற்றுகிறவர்

மனநல மருத்துவர் முன்னால் உட்கார்ந்த உடனே சட்டையைக் கழற்றுகிற ஒரு இனம் உண்டு. பட்டாளத்திலிருந்து திரும்பிய இனம். தென்காசிப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். நம் உதாரணத்துக்கு வடகரை மாடக்கண்ணு போதும். ஓய்வுபெற்ற ஹவில்தார்.

டாக்டர் என்றால் இவருக்கு, வரிசையில் நிறுத்தி, நெஞ்சை விரிக்கச் சொல்லி, இருமச் சொல்லி, பல்லை எண்ணி, முழங்காலைத் தட்டிப் பார்த்து, கடைசியில் முத்திரை குத்தி அனுப்புகிறவர். பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷமும் தேறினார். மனசை எந்த வரிசையில் நிறுத்துவது?

டாக்டர் ஸ்ரீமதி மாத்திரை எழுதுமுன் எடையும் பிரஷரும் பார்ப்பார். மாடக்கண்ணுக்கு அதுதான் திருவிழா.

"தூக்கம் வருதா?"

"பிரஷர் நூத்தி இருவது, எம்பது, டாக்டரம்மா."

"கோபம்?"

"எடை அறுவத்தெட்டு. ரிட்டயர் ஆனப்பவும் அதேதான்."

பக்கத்தில் மனைவி வள்ளித்தாய். "அவங்க என்ன கேக்காங்க, நீங்க என்ன சொல்லுதீங்க? அருவியப் பத்திச் சொல்லுங்க."

"ஏட்டி, சும்மா இரி."

ஊருக்கு வந்து ஆறு வருஷச் சாரல் சீசன் போய்விட்டது. உலகமே குற்றால அருவியில் எண்ணெய் வழிய நிற்கும்போது இவர் மட்டும் வண்டி நிறுத்துகிற இடத்தைத் தாண்ட மாட்டார். கேட்டால் சளி என்பார். நெஞ்சு எக்ஸ்ரேயோ சுத்தம். அதையும் உறையோடு கொண்டுவந்திருக்கிறார். இனித் தனியாகக் குளிக்க மாட்டேன், அண்ணன் வீட்டோடு போய்விடுவேன் என்று வள்ளித்தாய் சொன்ன பிறகுதான் இந்த ஆஸ்பத்திரியே.

ஸ்ரீமதி நாடி பிடித்தார். எண்ணி முடித்தார். கையை விடவில்லை.

"முடிஞ்சுதா டாக்டரம்மா?"

"இல்ல. அருவிகிட்ட போனா என்ன ஆகுது?"

பரிசோதனையில் கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

"அந்த இரைச்சல்ல எங்க பட்டாள வண்டி ஆத்துல விழுத சத்தம் கேக்குது. உள்ள மூணு பேரு. நான் மட்டும் வெளிய குதிச்சிட்டேன்."

வள்ளித்தாய்க்கே இது புதுச் செய்தி.

"பல்ஸ் நூத்திப் பத்து," என்றார் ஸ்ரீமதி.

ஹவில்தார் முகம் தொங்கிப்போயிற்று. "ஃபெயிலா?"

"இன்னைக்குத்தான் வந்திருக்கீங்க, அண்ணாச்சி. சட்டையப் போடுங்க."

பொத்தான்களை மாற்றிப் போட்டார். வள்ளித்தாய் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து பத்தடி முன்னால் போனார். துண்டு நனையவில்லை. அவளும் பத்தடியில் நின்றாள். மறுவாரம் இருபது.

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். நேற்று வீட்டில் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு?" என்று கேட்டார்களே, என்ன சொன்னீர்கள்? லேசான தலைவலி என்றுதானே?

மேல் பொத்தானிலிருந்து கையை எடுங்கள்.