சோடாவில் ஊறிய மேலங்கி

மேலங்கியைச் சலவை சோடாவில் ஊறப்போட்ட ஐந்தாவது நிமிடம் வீட்டில் மீன் நாறியது. வீட்டில் மீனே இல்லை.

"சாக்கடை அடைச்சிருக்கா?" என்றார் கிடங்கு அலுவலர்.

"நம்ம வீட்டுச் சாக்கடை என்னைக்குங்க நாறியிருக்கு? உங்க கோட்டுதான்" என்றாள் மனைவி, முந்தானையை மூக்கில் வைத்தபடி.

கோழித் தீவனத்துக்குச் சத்து மருந்து செய்யும் ஆலையில் இருபத்தாறு வருடமாகக் கிடங்கு அவர் பொறுப்பு. பதவியின் பெயர் மார்பில் தைத்த அந்த வெள்ளை மேலங்கியைத் துவைத்துத் தேய்த்து, சம்பந்தி வீட்டார் கண்ணில் படும்படி கூடத்தில் மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. பதினோரு மணிக்கு அவர்கள் வருகிறார்கள். மகன் அழைத்துவரப் போயிருக்கிறான்.

மகன் தானே பார்த்துக்கொண்ட பெண். ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, வரச் சொல்லு. நம்ம வீட்டு லட்சணத்தை அவங்களும் பாக்கட்டும்" என்று அவர்தான் இறங்கிவந்திருந்தார். மூன்று தலைமுறையாக இந்த வாசலுக்குள் வந்த எவரும் முகம் சுளித்துத் திரும்பியதில்லை.

"இன்னும் ரெண்டு பிடி சோடா போடு. அடங்கிடும்."

போட்டாள். அடங்கவில்லை, பக்கத்து அறைக்கும் பரவியது.

வெளியே கொட்டிவிடலாம் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் கூடத்தின் குறுக்கே நடந்தார். பாதி வழியில் கைப்பிடி கழன்றது. மீன் சந்தையே கடை விரித்து உட்கார்ந்துகொண்டது. நுரையோடு வாய் பிரிந்த ஒரு பிளாஸ்டிக் உறை மிதந்து வந்தது.

"இது என்னங்க?"

"சாம்பிள். வெள்ளிக்கிழமை கோட்டுப் பையில வெச்சதை மறந்துட்டேன். வெறும் வெள்ளைப் பொடி. கிடங்குல மூட்டை மூட்டையா இருக்கு, இப்படி வாடை அடிச்சதே இல்ல."

ஆலையின் ஆய்வுக்கூடத்து அம்மாளுக்குத் தொலைபேசியில் பேசினார்.

"அமீன் உப்பையா சோடாவுல போட்டீங்க?" அந்த அம்மாள் சிரித்தே விட்டாள். "சார், மீன் கெட்டுப்போனா வர்ற வாடை இருக்கே, அதே சரக்குதான் அது. அமிலத்தோட சேத்துக் கட்டிப் போட்டிருக்கோம், அதனால உப்பா அடங்கிக் கிடக்கு. சோடா பட்டா கட்டு அவுந்து ஆவியாக் கிளம்பிடும்."

"இருபத்தாறு வருஷமா ஏத்தி இறக்கறேன். எனக்கே பாடமா?"

"தெரிஞ்சிருந்தா ஊறப்போட்டிருப்பீங்களா? ஜன்னலைத் திறந்துட்டு, வினிகர் ஊத்தித் துடைங்க. மறுபடி உப்பாயிடும்."

அலுவலர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாகத் தரை துடைத்தார். பத்தே முக்காலுக்கு மீன் ஓய்ந்தது. அந்த அம்மாளை மனதார வாழ்த்திவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது மீனும் திரும்பியிருந்தது.

"என்ன பண்ணினே?"

"வீடு பூராப் புளிச்ச வாடைங்க. வர்றவங்க என்ன நினைப்பாங்க? அதான் சோடாத் தண்ணியில ஒரு தடவை..."

வாசல் மணி அடித்தது.

பெண், அவள் தந்தை, அத்தை, பின்னால் மகன். வாசல்படியிலேயே பெண் நின்றுவிட்டாள். முகம் வெளுத்தது. தலையைத் திருப்பித் தன் தோளில் மூக்கைப் புதைத்துக்கொண்டாள். தாங்க முடியவில்லை போலிருக்கிறது என்று அலுவலர் நினைத்தார். ஆனாலும் முதுகு வளையவில்லை. சாக்குச் சொல்லி அவர் பரம்பரைக்குப் பழக்கமில்லை.

"வாங்க. முதல்லயே சொல்லிடறேன். இந்த மீன் வாடை எங்களோடது. மூக்கை மூடிக்கறதானா மூடிக்கலாம், தப்பா எடுத்துக்க மாட்டோம். ஆனா உள்ள வந்து உக்காரணும்."

மகன் அப்பாவை வாய் பிளந்து பார்த்தான். யாரும் மூக்கை மூடவில்லை. பெண்ணின் தந்தை அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பெண், ஜன்னலோரத்து நாற்காலியை விட்டுவிட்டு, மாமியாராகப் போகிறவளை ஒட்டி உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் இருந்தது. இரண்டு முறை தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். சம்பந்தியே, "சீக்கிரம் தேதி பாத்துடலாங்க" என்றார்.

அலுவலருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. குடும்பக் கௌரவம் தப்பியதே போதும் என்று, எவருக்கு என்று தெரியாமலே நன்றி சொல்லிக்கொண்டார்.

எல்லாரும் தெருவில் இறங்கியபின் அத்தை மட்டும் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பொறந்ததுலேருந்து எங்க பொண்ணு உடம்புல வர்ற மீன் வாடையைத் தெரியாத மாதிரி இருந்த நல்லவங்க நிறையப் பேருங்க, அவ கூசிடக் கூடாதுன்னு வீடு பூரா அதே வாடையை உண்டாக்கி, 'எங்களோடது'ன்னு சொன்னவர் நீங்க ஒருத்தர்தான்."