கண்ணாடிப் பெட்டிக்குள் தாய்மாமன்

வருங்காலக்காரர் என்றோர் இனம் நம்மிடையே நடமாடுகிறது, வாசகரே. நிகழ்காலத்தில் இவர்களால் ஒரு துரும்பும் நகராது; கேட்டால் வருங்காலத்தில் பிஸியாம். நல்லம்பள்ளியில் பிறந்து பெங்களூரில் குடியேறிய நவநீதன் இந்த இனத்தில் நன்கு கொழுத்தவர்.

அவருடைய இப்போதைய பித்து ஹோலோகிராம். அந்தரத்தில் வெளிச்சத்தாலேயே உருவம் நிற்குமாம். டாக்டர் நெஞ்சைக் கிழிக்காமலே இதயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாராம், வாத்தியார் ஒரே நேரத்தில் நூறு பள்ளிக்கூடத்தில் நிற்பாராம், வத்தல்மலை விவசாயி மலையை விட்டு இறங்காமலே சென்னை வியாபாரிக்குக் காய்கறியை உருட்டிக் காட்டுவாராம் என்று, பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசம் முடித்து மோருக்குப் போன பிறகும் விடமாட்டார். "இதுதாங்க ஃபியூச்சர்!" டாக்டருக்கு உதவினால் உதவட்டும், யார் வேண்டாம் என்றது? இவருக்கு எதற்கு உதவியது தெரியுமா?

இவர் தங்கை அமுதவல்லி, மகளுக்குக் காது குத்த நாள் குறித்தாள். தட்டான் இருந்தால் போதுமா? குழந்தையை உட்காரவைக்கத் தாய்மாமன் மடி வேண்டும். மாமன் வராவிட்டால், இவளுக்குப் பிறந்த வீடே இல்லை என்று நாலு பேர் நாக்கில் புரளும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று இருந்ததே இந்த ஒரு அண்ணன்தான். மூன்று முறை போன் போட்டுக் கெஞ்சினாள்.

"வந்துர்றேன்மா. ஒலகத்துல எந்தத் தாய்மாமனும் வராத மாதிரி வர்றேன் பாரு."

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார், புண்ணியவான்!

அன்று காலை தருமபுரியிலிருந்து லைட் செட் சலாவுதீன் ஒரு கண்ணாடிப் பெட்டியோடு வந்து இறங்கினார். உள்ளே விசிறி மாதிரி சுழலும் விளக்குப் பட்டைகள். சுவிட்சைப் போட்டதுதான் தாமதம், பட்டு வேட்டியில் முழங்கால் உயர நவநீதன் அந்தரத்தில் தோன்றிக் கைகளை விரித்தார். "வாடா தங்கம், மாமன் மடியில வந்து உக்காரு!" பதிவு செய்து அனுப்பியது; நாற்பது விநாடிக்கு ஒரு தரம் அதே பாசம். கூட்டம் மொத்தமும் செல்போனைத் தூக்கியது. குழந்தை மட்டும் அந்தப் பேச்சை நம்பி ஓடிப்போய், கண்ணாடியில் நெற்றியை இடித்துக்கொண்டு வீரிட்டது.

"ஏம்மா, ஒங்கண்ணனுக்கு மடி எந்தப் பக்கம் இருக்குது?" என்றாள் மாமியார் தீர்த்தம்மாள். "நல்ல நேரம் போவுது. ஆளு வருதா, இல்ல படந்தானா?"

அமுதவல்லிக்கு முகம் செத்துப்போயிற்று. ஓரமாய்ப் போய் அண்ணனை அழைத்தாள்.

"கிளாரிட்டி எப்புடிம்மா இருக்குது?"

"அண்ணா, புள்ளைய உக்கார வெக்க மடி வேணும்."

"அது அடுத்த வெர்ஷன்ல வரும்மா."

அட தூ! அவள் போனை அணைத்தாள். விடுவிடுவென்று போய்ப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். மாமன் மறைந்தார்.

"சலாவுதீன் அண்ணா, நீங்க உக்காருங்க."

அவர் பதறிப்போனார். "நானாம்மா? நான் லைட்டு போட வந்தவன்."

"வந்தீங்கல்ல, அது போதுங்கண்ணா."

சலாவுதீன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தார். தட்டான் குத்த, குழந்தை அவர் சட்டைப் பொத்தானைப் பிய்த்துவிட்டது. தீர்த்தம்மாள் மாமனுக்கென்று வைத்திருந்த துண்டை எடுத்து அவர் தோளில் போட்டாள். அமுதவல்லி அப்போதுதான் அழுதாள்.

சாயங்காலம் நவநீதன் வீடியோ போட்டார்: "உலகின் முதல் ஹோலோகிராம் தாய்மாமன்!" எட்டாயிரம் லைக்.

சிரிக்கிறீர்களா? தாராளமாய்ச் சிரியுங்கள். ஆனால் போன மாதம் கூடப் படித்தவன் அப்பா இறந்த செய்தி வந்ததும், கைகூப்பிய பொம்மை ஒன்றைப் போனில் தட்டிவிட்டு, துக்கத்துக்கே நேரில் போய்வந்த திருப்தியோடு சாப்பிட உட்கார்ந்தீர்களே, அன்றைக்கு அவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது யாருக்காக?